பத்து ஓம்

1

இந்தக் கதையின் ஒரு வசனம்கூட என்னுடையதல்ல என்று தொடங்க நினைத்தேன், அது பொய். ஒரு வசனம்தான் என்னுடையதல்ல. செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு மாணவி, "பத்துப் பேரும் ஓம் எண்டாங்க, நான் என்ன செய்யிற?" என்று போனில் அழாக்குறையாகச் சொன்னாள். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. அவளுக்கு நிஸ்றா என்று பெயர் வைத்து, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்க விட்டேன்.

2

வாவிக்கரை வட்டைகளில் மாலை வெயில் [வேண்டாம். அவளுக்கு நேரமில்லை.]

நிஸ்றா விவசாயிகளுக்கு ஒரு செயலி செய்திருந்தாள். எந்த வட்டைக்கு, அதாவது எந்த வயல்வெளிக்கு, எப்போது தண்ணீர் திறப்பார்கள், உரம் எங்கே கிடைக்கும் என்று அதில் அறிவிப்பு வரும். ஒருவர் அடிக்கடி திறப்பதை மேலே வைக்கும், திறக்காததைக் கீழே தள்ளும். இப்படி ஆளுக்கு ஆள் மாறுவதை எப்படிச் சோதிப்பது? இரண்டு கிழமை பாவிக்கவிட்டு, நடந்ததைத் தினமும் குறித்துவைக்கச் சொல்லலாம். இல்லாவிட்டால் பத்து விவசாயிகளை ஒரே நாளில் பக்கத்தில் இருந்து கேட்டு முடிக்கலாம். இறுதியாண்டு அறிக்கை கொடுக்க மூன்று கிழமைதான் இருந்தது. ஒரே நாள் வழியையே எடுத்தாள். (நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.)*

* முதல் நாள் செயலிக்கு யாரையும் தெரியாது. எல்லோருக்கும் ஒரே திரைதான்.

3

மண்டூர் சாமித்தம்பி பத்தாவது ஆள். விளங்குதா, லேசா இருக்கா, பிடிச்சிருக்கா, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி ஓம் என்றார். அவளும் சரி போட்டாள், செயலியை அவர் போனிலேயே விட்டுவந்தாள்.

அதிலிருந்து பதினாறாம் நாள் அவருடைய வட்டைக்குத் தண்ணீர் வந்து போய்விட்டது. வரம்பை வெட்டிவிட அவர் போகவில்லை, அவருக்குத் தெரியாது. விதைத்து இருபது நாளான பயிர் வெடித்த நிலத்தில் நின்றது. அவர் கூப்பிட, நிஸ்றா போய்ப் போனை வாங்கிப் பார்த்தாள். தண்ணீர் அறிவிப்பு ஒன்பதாவதாகக் கிடந்தது. அதை அவர் ஒருநாளும் திறக்கவில்லை.

"தலைப்பிலயே நேரம் கிடக்கு. மறுகா ஏன் திறக்கிற?" என்றார்.

"எல்லாத்துக்கும் ஓம் எண்டீங்களே அண்ணன்."

"நீ சொல்லுறதக் கேக்கிறன் எண்டுதான் ஓம் எண்டன், தங்கச்சி."

நிஸ்றாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மற்ற ஒன்பது ஓமும் எந்த ஓம் என்று இனி யாருக்குத் தெரியும்?

4

முடிவு ஒன்று: உண்மையை எழுதுகிறாள். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகிறது.

முடிவு இரண்டு: அன்றே நல்ல மழை [அடித்துவிட்டேன். இது என் சோம்பல்.]

முடிவு மூன்று: பத்துச் சரியோடு கொடுக்கிறாள். அடுத்த போகத்தில் செயலி எல்லா வட்டைக்கும் போகிறது.

அறிக்கை இன்று நான்கு மணிக்குள் போக வேண்டும். சாமித்தம்பியின் பெயருக்கு நேரே போட்ட சரியை அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கட்டத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். கதை விளங்கியதா என்று உங்களிடம் கேட்க மாட்டேன். ஓம் என்பீர்கள்.