காகம் வராத திவசம்

பின்கதவுக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு குலசேகரம் காகத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கும்போதெல்லாம் சால்வைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடியும் "கா... கா..." என்றார். வெளியே ஸ்ட்ரெதம் வட்டாரம் முழுவதும் பனிக்குள் கிடந்தது. தோட்டத்து மதிலில் சிவகௌரி கையால் பனியை வழித்துவிட்டு, வாழையிலைக்கு எங்கே போவது என்று அலுமினியத் தாளை விரித்து, ஒரு பிடி சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் வைத்திருந்தாள். ஆவி பறந்த சோறு அடங்கிப்போய் எவ்வளவோ நேரமாகிவிட்டது. காகத்தைத் தவிர எல்லாம் வந்தன. ஒரு புறா வந்து மதிலில் குந்தியதும் கிழவர் கண்ணாடியில் தட்டித் துரத்திவிட்டார். புறா சாப்பிட்டால் கணக்கில்லையாம்.

அவர் சிவகௌரியின் கணவன் பாலேந்திராவின் பெரியப்பா. யாழ்ப்பாணத்திலிருந்து ரொறொன்ரோவில் இருக்கும் மகனிடம் போகிற வழியில் இங்கே இரண்டு நாள் தங்குவதாகத்தான் ஏற்பாடு. எண்பத்தேழாம் ஆண்டுச் சனவரிப் பனி அந்த ஏற்பாட்டைக் குழப்பிவிட்டது. ஹீத்ரோவில் விமானம் எழும்பவில்லை. அவருடைய மனைவி சந்திரவதனாவின் ஆட்டைத் திவசம், முதல் வருடத் திவசம், மகன் வீட்டில் ஐயரோடு நடக்க வேண்டியது, ஐயரும் மகனும் இல்லாமல் சிவகௌரியின் சமையலறையில் வந்து விழுந்தது. பாலேந்திரா விடியவே பெற்றோல் நிலையத்து ஷிப்டுக்குப் போய்விட்டான். "மனுசன் ஆசைப்படுறார், ஒரு கறி சோறு சமைச்சு வையும்" என்று சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு சுகமான வேலை.

அவள் சமைத்தது, பாயாசம் வரைக்கும், குறையில்லை. பிழை நடந்தது அதற்கு முன்னாலே. காலையில் எழும்பியதும், வழக்கம்போல, கிழவர் சலரோகக் குளிசையை, சர்க்கரை வியாதி மாத்திரையை, போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் காகம் தொடாமல் தானும் ஒன்றும் தொடுவதில்லை என்றார். குளிசை போட்டவர் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி இறங்கி என்ன நடக்கும் என்பது சிவகௌரிக்குத் தெரியும். அவளுடைய அப்பாவும் அதே குளிசைக்காரர். ஒருநாள் கோயில் வீதியில் விழுந்தவரை நாலு பேர் தூக்கி வந்தார்கள்.

"மாமா, ஒரு வாய் தேத்தண்ணியெண்டாலும் குடியுங்கோ."

"வேண்டாம் பிள்ளை. அவள் சாப்பிடட்டும்."

"இஞ்ச காகங்கள் குளிருக்கு வெளிக்கிடாது, மாமா."

"அவள் வர விருப்பமில்லாமல் நிக்கிறாள்." குரலில் அழுகை இல்லை, பட்டதைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். "கொழும்புக்குக் கொண்டுபோய் டொக்டரிட்டக் காட்டச் சொல்லிக் கேட்டவள். சண்டையில பூட்டின பாதை திறக்கட்டும் பாப்பம் எண்டன். அந்தக் கோவம் இருக்குந்தானே."

செத்த மனுசியின் கோபத்தை ஆற்றச் சிவகௌரி யார்? கல்யாண வீட்டில் ஒரு தரம் அந்த மனுசி தன் தலையில் பூ வைத்துவிட்ட கை மட்டும் ஞாபகம்.

கொஞ்ச நேரத்தில் 'கா' என்ற சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தாள். கிழவர் கதவோரக் கதிரையில் சரிந்திருந்தார். அடுப்பு அணைந்த வீட்டில், அவளே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கும் வீட்டில், அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. கை விரல்கள் தாமாக ஆடின. "மாமா" என்று தோளைத் தொட்டதும் அவளைப் பார்த்து, "சந்திரா, ஏன் வாசல்ல நிக்கிறாய்?" என்றார். வார்த்தைகள் குழறின.

சீனித் தண்ணீர் கரைத்து ஓடிவந்தாள். உதட்டில் பட்டதுமே பல்லை இறுக்கிக்கொண்டார். தண்ணீர் தாடியில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. பெற்றோல் நிலையத்துக்குப் போன் அடித்தாள், எடுப்பாரில்லை. பிறகு தொண்டையில் இருந்த ஆங்கிலத்தையெல்லாம் கூட்டி அம்புலன்ஸுக்கு அடித்தாள். 'ஓல்ட் மேன், டயபிடீஸ், நோ ஈட்டிங்' என்றாள். மறுமுனையில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டு விலாசம் எழுதிக்கொண்டாள். வண்டி வருகிறது, வீதியில் ஐஸ், நேரம் எடுக்கும், விழுங்குவாரென்றால் இனிப்பாக ஏதாவது உடனே கொடு, உடனே, என்றாள்.

உடனே கொடுப்பதற்கு வழி மதிலில் கிடந்தது: அந்தச் சோறு இல்லாமல் போனால் காகம் தின்றுவிட்டதென்று அவரை நம்ப வைக்கலாம். தன் வீட்டில் விருந்தாளியாய் வந்த மனிதர் தன் கண் முன்னால் செத்துப்போவார், மகனுக்கு நான்தான் போன் எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் வந்ததும் சிவகௌரி கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினாள். காலில் வீட்டுச் செருப்பு. பனி கணுக்கால் வரை ஏறியது. சோற்றை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பக்கம் எறியலாம் என்றுதான் போனாள். ஆனால் கையில் எடுத்ததும் எறிய மனம் வரவில்லை. ஒரு பெண்ணுக்கென்று வைத்த சோறு. வெள்ளைப் பனியில் கிடந்தால் கண்ணாடிக்குள்ளிருந்தே தெரியவும் தெரியும்.

செத்தவர்களுக்கு வைத்த பிடியை மனிதர் வாயில் வைப்பதில்லை. அப்படி வாயில் வைத்தவர்களுக்கு என்ன நடக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. வைத்தவர்கள் யாரும் இல்லை என்பதால் இருக்கலாம். கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். 'மாமி, கோவிக்காதேங்கோ' என்று மனதுக்குள் சொன்னாள். பிறகு வாயை நிறைத்துக்கொண்டாள். சோறு ஐஸாக இருந்தது. பல்லுக்குள் நறநறவென்றது. கத்தரிக்காயை மெல்லாமல் விழுங்கினாள். நெஞ்சுக்குள் குளிர் இறங்கிப் போவது தனியாகத் தெரிந்தது. யாரோ அவளுக்குள் வந்து இருப்பதுபோல் அவள் பயந்தாள்.

வெறும் அலுமினியத் தாளோடு உள்ளே வந்தாள்.

"மாமா, காகம் வந்திட்டுது. எல்லாம் சாப்பிட்டிட்டுது. பாருங்கோ."

அவர் தாளைப் பார்க்கவில்லை. அவளுடைய வாயைப் பார்த்தார். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தாலும் கண் அவளிடமே இருந்தது. எவ்வளவு நேரமாக இப்படித் திறந்திருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

பாயாசச் சட்டியிலிருந்து கரண்டியால் அள்ளிக்கொண்டு அவர் முன்னால் முழங்காலில் இருந்தாள். பல்லைக் கெட்டியாகக் கடித்துக்கொண்டிருந்தவர் மெல்ல உதட்டைப் பிரித்தார்.

"கறிக்கு உப்புக் காணுமோ, பிள்ளை?"

சோற்றின் கடைசிப் பருக்கை இன்னும் அவள் தொண்டையில் நின்றது. பேச முடியாமல் தலையை ஆட்டினாள். ஓம், போதும்.

குலசேகரம் வாயைத் திறந்தார். கரண்டி அவர் பல்லில் பட்டுப் பட்டுச் சத்தம் போட்டது.