ஏறிய இடத்திலேயே இறங்குகிறவர்கள்

நகரப் பொருளாதார ஆய்வு நிலையத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை இரண்டே பக்கம். பத்தாண்டு அறிக்கையின் கடைசி அத்தியாயம்: ‘இனி ஆராய வேண்டியவை’. வேலை எங்கே குவிகிறது, ஆட்கள் அதைத் தேடி எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று பதினோரு வருடமாகக் கணக்குப் போட்டவளுக்கு இது எம்மாத்திரம் என்று இயக்குநர் நினைத்தார். அவளும் அப்படித்தான் நினைத்தாள். மூன்று வாரமாக முதல் வரியே அமையவில்லை. உட்காருவாள், எழுந்து ஜன்னலுக்குப் போவாள், மறுபடி உட்காருவாள். காலில் சக்கரம் கட்டியிருக்கிறதா என்று பக்கத்து மேசையில் கேலி செய்தார்கள்.

பேருந்துப் பயணத் தரவைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சக ஊழியன், எல்லோருக்கும் ‘கணக்குப்புலி’, ஒரு நாள் அவளைக் கூப்பிட்டான். ஏறும்போதும் இறங்கும்போதும் பயணிகள் அட்டையைத் தேய்ப்பதில் வரும் தரவு அது.

“சுத்துவழி பஸ்ல இருநூத்திப் பதினாலு பேர் ஏறின இடத்துலயே இறங்கியிருக்காங்க, நாலு மணி நேரம் கழிச்சு. மெஷின் கோளாறுதான். தூக்கிடட்டுமா?”

“தினமுமா?”

“ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கிற கோளாறு எந்த மெஷினுக்கு வரும்? “தூக்காத,” என்றாள்.

மறுநாள் பதினொன்றரைக்கு அந்தப் பேருந்தில் ஏறினாள். பாதி இருக்கைகள் நிறைந்திருந்தன. இறங்கும் அவசரம் யாருக்கும் இல்லை. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டியிருந்தார். பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில், சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் நெற்றி சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அவள் வீட்டுக்கு வரும் அக்கா. பக்கவாதத்தில் விழுந்த மாமனாரைக் காலை ஏழிலிருந்து பத்தரை வரையும், மாலை மூன்றரையிலிருந்து ஏழு வரையும் கவனித்துக்கொள்கிறவர்.

பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் கழித்து அக்கா விழித்தார். திடுக்கிடவில்லை. “ஆபீஸ் லீவாம்மா?”

“நீங்க வீட்டுக்குப் போறதில்லையா அக்கா?”

“போக ரெண்டு மணி, வர ரெண்டு மணி. கதவைத் தொட்டுட்டுத் திரும்பவா?”

“எங்க வீட்லயே இருந்திருக்கலாமே.”

“மொத வாரம் இருந்தேன். உங்க வீட்டுக்காரர் துணி மடிக்கச் சொன்னாரு. அடுத்த நாள் ஜன்னல் தொடைக்கச் சொன்னாரு. தப்புன்னு சொல்லல. சும்மா இருக்கிற கையப் பாத்தா யாருக்கும் உறுத்தும்.” டப்பாவைத் திறந்தார். “மாசப் பாஸ் இருக்கு. இங்க என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க.”

அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்த்திசையில் பேருந்து பிடிக்கப் பொறுமையில்லாமல் அலுவலகம்வரை நடந்தாள். முதல் வரி வந்துவிட்டது. இரண்டு வேலைகளுக்கு நடுவே வீணாகும் நேரத்தை ஒரு நகரம் யார் தலையில் கட்டுகிறது?

இயக்குநர் படித்தார். “ஒரு அக்காவை வச்சு ஒரு ஊரை எழுத முடியாதும்மா.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் அவளைக் குடைந்தது. மேலும் நான்கு நாள் சுற்றினாள். அறுபத்தொரு பேரிடம் பேசினாள். ஊழியர்கள் வருமுன்பும் போன பின்பும் அலுவலகம் பெருக்குகிறவர்கள், பள்ளி வேன் ஓட்டுநர்கள், சமையல்காரர்கள். ஒருவர் மட்டும் வீட்டில் மனைவியோடு பேச்சில்லை என்பதால் சுற்றுகிறேன் என்றார். அவரையும் குறித்துக்கொண்டாள்.

வீட்டில்தான் கஷ்டம். கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். அக்காவின் நேரத்தைத் தன் கூட்டங்களுக்குத் தோதாக வெட்டியவர் அவர். சம்மதித்தவள் இவள்.

“ஏழுலேர்ந்து ரெண்டு வரைக்கும் ஒரே மூச்சா வரட்டும். சாயங்காலம் மூணு நாள் நான், மூணு நாள் நீங்க.”

“என் மீட்டிங் எல்லாம் நாலு மணிக்கு. உனக்குத் தெரியும்.”

“தெரியும். இவ்வளவு நாளா அந்த மீட்டிங்குக்காக அவங்க பஸ்ல உக்காந்திருந்தாங்க.”

அவர் நாற்காலியைக் கணினிப் பக்கம் சுழற்றிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, செவ்வாய், வியாழன், சனி தனக்கு என்றார்.

அக்காவிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்துவிடவில்லை. “ஏழுலேர்ந்து ரெண்டு. சரி. எழுதிக் குடுத்துடுங்கம்மா. நாலு மாசத்துல மறுபடி மாத்துவீங்க.”

அவள் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.

அறிக்கை வெளிவந்தது. கடைசி அத்தியாயத்தில் இயக்குநர் சேர்த்த வெப்பம், நிலவிலை, காலியாகும் கடைத்தெரு எல்லாம் முன்னால். அவள் கேள்வி ஏழில் ஆறாவதாக, பாதியாகக் குறைக்கப்பட்டு, ‘துண்டுபட்ட வேலைநேரம்’ என்ற தலைப்பில் இருந்தது. அவள் வாதாடவில்லை. அறுபத்தொரு பேரின் பதிலையும் பின்னிணைப்பில் சேர்க்கச் சொல்லி மட்டும் ஒற்றைக் காலில் நின்று சாதித்தாள்.

புது நேரம் தொடங்கிய முதல் திங்கட்கிழமை, தன் முறைக்காக மூன்று மணிக்கே கிளம்பி வீட்டுக்கு வந்தாள். மாமனாரைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்து, இடது காலை மடக்கி நீட்டினாள். மனம் அந்தப் பேருந்தையே சுற்றிக்கொண்டிருந்தது.

“உன் கை அவசரப்படுதும்மா,” என்றார் அவர் குழறலாக.

“சரி மாமா.” நிதானித்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே மடக்கினாள்.

“இன்னும் அவசரம்தான்,” என்றார்.