அலமாரியில் வைத்த விதைக்கடலை

...சொன்னோமா, சொல்லவில்லையா, சொல்லித்தான் தொலைத்தோம், காலையில் வந்த குடும்பத்துக்குச் சாவியைக் கொடுக்கும்போது வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது, அலமாரியில கடலை இருக்குதுங்க, எடுத்து வறுத்துக்கோங்க, காசு கெடையாது என்று, எந்தக் குடும்பம் வந்தாலும் சொல்லச் சொல்லி முதலாளி ஜெகநாதன் பழக்கிவைத்த பேச்சு... சின்னபொண்ணு வரப்பில் ஓடினாள். கிணற்றடி ஓட்டு வீடுகள் இரண்டையும் லீவு நாளில் மெட்ராஸ்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார் அவர், வருகிறவர்களே சமைத்துக்கொள்வார்கள், பாலும் விறகும் இவள் கொண்டுபோய் வைப்பாள். நேற்று வீடு காலிதானே, நிழலில் காயட்டும் என்று பூச்சிமருந்து கலந்த விதைக்கடலையை அந்தச் சமையலறையில்தான் பரப்பினாள், விடியலில் விதைக்க அள்ளியது போக மீந்ததை டப்பாவில் போட்டு அலமாரியில்... யார் வைத்தது, இவள்தானே. ஏருக்குப் பின்னால் விதை போட்டுக்கொண்டு போனபோது ஏரோட்டும் லோகநாதன் மாட்டை நிறுத்தி, "இன்னாமே, தூங்கிகினே போட்றியா, மீதி வெதை எங்க?" என்று கேட்டான், அப்போதுதான் அந்த டப்பா நினைவுக்கு வந்தது.

விரலை மோந்து பார்த்தாள், மண்ணில் தேய்த்தும் போகாத வாடை, இது உள்ளே போனால் என்ன செய்யும், பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாதோ, அந்தப் பாப்பாவுக்கு நாலு வயசு இருக்குமா, காலையில் கன்றுக்குட்டிக்குப் பேர் என்ன என்று கேட்டதே... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் காரும் இல்லை, பாப்பாவின் அப்பா அதில்தான் பட்டுச்சேலை எடுக்க ஆரணிக்குப் போய்விட்டார். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும், போனால் போகட்டும், எப்படிப் போகட்டும், அப்புறம் எவன் வேலை கொடுப்பான்... மருந்து என்று ஏன் சொல்ல வேண்டும், வண்டு விழுந்த கடலை என்றால் கொட்டிவிடுவார்கள், வண்டு விழுந்த கடலைங்க, வண்டு விழுந்த கடலைங்க... வறுக்கிற வாசனை வந்தது. சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"வாங்க சின்னபொண்ணு, ஒரே தூசியா இருந்துச்சு, கழுவிட்டுதான் வறுக்கறேன்" என்றாள் பாப்பாவின் அம்மா.

"எறக்கிடுங்கம்மா. வண்டு வுழுந்த கடலைங்க. யாராச்சும் துன்னீங்களா?"

அந்த அம்மா சிரித்தாள். "வண்டுதானா. ஓடி வந்ததப் பாத்து என்னமோன்னு பயந்துட்டேன். பாப்பா பச்சையாவே ஒரு பிடி தின்னுட்டா. அது ஒண்ணும் பண்ணாதுல்ல?"

வாசற்படியில் பாப்பா வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. வழியெல்லாம் பொய்யைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள், மருந்து என்பதை ஒரு தரம்கூட வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை, இப்போது சொல்ல வேண்டும், இந்த நிமிஷமே சொல்ல வேண்டும்... வாயைத் திறந்தாள், நாக்கு வண்டு என்றே புரண்டது.