இடப்பக்கம் மட்டும் திரும்பிய வண்டி

இதில் வரும் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. எந்தத் தலையில் வேண்டுமானாலும் கை வைத்துச் சத்தியம் செய்யத் தயார், தலைக்கு உரியவர் சம்மதித்தால். கேட்கிறவர்கள் சிலர் நடுவில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உண்மை அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாது.

பல்செட்காரர் என்று ஒருவர் இருந்தார். பல் டாக்டர் வேறு, பல்செட்காரர் வேறு. டாக்டர் பிடுங்குவார், பெயரும் வாங்குவார். பிடுங்கின இடத்தில் வைக்கிறதைச் செய்து கொடுக்கிறவர் இவர். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஜன்னல் எட்டாத உயரத்தில் இருக்கிற ஓர் அறை. ஒரு முக்காலி, ஒரு பாலிஷ் மோட்டார், ஒரு மூட்டை பிளாஸ்டர் மாவு. அலமாரி நிறைய ஊராரின் தாடைகள் பிளாஸ்டரில் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். நாள் முழுக்க இத்தனை வாய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தும் அவரோடு பேச ஒரு வாய் கிடையாது. சாயங்காலம் தலைமுடியில் மாவோடு வீட்டுக்கு வந்தால், அங்கே பேசுவதற்கென்றே ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பார். அவர்தான் மச்சான்.

மச்சான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப்பேர் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து திட்டு வாங்கித்தான் வண்டி ஓட்டக் கற்றார்கள். பல்செட்காரரும் ஒரு காலத்தில் அப்படித் திட்டு வாங்கினவர். கற்றுக்கொண்டாரா என்பது வேறு விஷயம். தன் அக்கா அவரைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் மச்சான் பழைய மாணவரைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார்: "பல்செட் சார், அந்த ரிமோட்டை எடுங்க." "பல்செட் சார், கொஞ்சம் தள்ளி உட்காருங்க."

அத்தான் என்கிற சொல் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான ஆண்கள் அதை உழைக்காமலே வாங்கிவிடுகிறார்கள். மனைவிக்குத் தம்பி ஒருவன் இருந்தால் போதும், தானாக வீடு தேடி வரும். நம்மவருக்கு மட்டும் வரவில்லை. பல் கட்டிக்கொண்ட கிழவர்கள்கூட ஊரில் யார் யாருக்கோ அத்தானாக இருந்தார்கள். அந்தப் பல்லைச் செய்தவர் சாராகவே இருந்தார்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவர் கேட்டேவிட்டார். மச்சான் சாதத்தைப் பிசைவதை நிறுத்தாமல் பதில் சொன்னார்.

"வண்டி ஓட்டத் தெரியாதவரை அத்தான்னு கூப்பிட எனக்கு நாக்கு வரலை சார். என் தொழிலுக்கே அசிங்கம். ஒண்ணு செய்யுங்க. பழைய கல்குவாரி மண்பாதையில ஒரே ஒரு சுத்து. வண்டியும் நீங்களும் புறப்பட்ட இடத்துக்கே முழுசா வந்து சேரணும். வந்துட்டா ஊரே கேட்கக் கூப்பிடறேன்."

பல்செட்காரரின் மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வீட்டிலும் கழுத்தில் விசில் தொங்கும். அவர் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேச்சு பேச்சாக இருக்கட்டும், நடுவராகத் தானே நிற்பதாகச் சொல்லி, குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கடையில் போய் மண்பாதையில் ஓட்டுகிற டர்ட் பைக் ஒன்று வாங்கியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பல்செட்காரருக்குக் கடையில் தொங்குகிற எதிலும் நம்பிக்கை கிடையாது. ரெடிமேட் பல்லை மாட்டிக்கொண்டவன் சிரித்தால் பல் தனியாகச் சிரிக்கும், ஆள் தனியாகச் சிரிப்பான் என்பது அவர் கட்சி. அதனால் அளவெடுத்து வண்டி செய்து தருகிற டிசைனரைத் தேடிப் போனார்.

டிசைனரின் பட்டறை வாசலில் பெரிய போர்டு. 'பைக் டிசைனர்' என்று புதுப் பெயிண்டில் இருந்தது. அதற்கு அடியில் பழைய பெயிண்டில் 'கேட், கிரில், ஷட்டர்' என்பது மழைக்கறை மாதிரி எட்டிப் பார்த்தது. டிசைனர் போனில் படங்களைக் காட்டினார். ஒவ்வொரு வண்டியும் பார்க்கிறவர் மூச்சை நிறுத்தும். எல்லாம் வேறு யாரோ செய்தவை. அதை அவர் மறைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அளவு டேப்பை உதறி விரித்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி:

"தூணுக்குத் தூண் எவ்வளவு சார் வரும்?"

அந்த நிமிஷமே பல்செட்காரர் எழுந்து ஓடியிருக்க வேண்டும். அவர் அதைத் தொழில் பாஷை என்று எடுத்துக்கொண்டு, மரியாதையாகத் தலையாட்டினார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் டிசைனரை நம்பவில்லை. சீட். உட்காருகிற இடத்துக்கு அச்சு எடுக்க டேப் போதாது, அதற்கு மெழுகு வேண்டும், பிளாஸ்டர் வேண்டும், கைப்பக்குவம் வேண்டும் என்று சொல்லி, அந்த வேலையைத் தாமே ஏற்றுக்கொண்டார். தம் அறைக்குப் போனார். முக்காலி மேல் மெழுகை இளக்கிப் பரப்பினார். அதன் மேல் உட்கார்ந்தார். மெழுகு ஆறும்வரை சும்மா இருக்க மனம் வராமல் ஒரு கீழ்த்தாடையைப் பாலிஷ் போட்டார். விளைவு: சீட் அச்சு அசலாக அமைந்தது. ஆனால் எந்த வண்டியில் அதைப் பொருத்தினாலும் அவர் கூன் போட்டு, இரண்டு முழங்கையையும் இல்லாத ஒரு மேசையில் ஊன்றி, கண்ணுக்கு அருகே ஒரு பல்லைப் பிடித்திருப்பவர் மாதிரிதான் உட்கார முடியும்.

வண்டி தயாரானதும் டிசைனர் மேலே போர்த்தியிருந்த படுதாவை விலக்கினார். பல்செட்காரர் ஓரடி பின்னால் போனார். டிசைனர் அதை ஆனந்தம் என்று குறித்துக்கொண்டார்.

சதுரக் குழாயில் உடம்பு. குழாய்க்குக் குழாய் நடுவில் வளைவு வளைவாகப் பூ வேலை. முன்பக்கம் மேலே வரிசையாக ஈட்டி முனைகள், திருடன் ஏறிக் குதிக்காமல் இருக்க. மட்கார்டில் இரும்பு எழுத்தில் 'நல்வரவு'. பெட்ரோல் டேங்குக்குத் தாழ்ப்பாள். பக்கவாட்டுத் தகட்டில் நீளமாக ஒரு சந்து. தபால் போடுகிற சந்து. அது எதற்கு என்று பல்செட்காரர் கேட்டபோது, காற்றுக்கு என்று டிசைனர் கண்ணிமைக்காமல் சொன்னார். பின்பக்க ஸ்பிரிங் ஒரு மளிகைக்கடை ஷட்டரில் பல வருஷம் நேர்மையாக உழைத்து ஓய்வு பெற்றது. சிவப்புப் பெயிண்டை நகத்தால் சுரண்டினால் பச்சை வந்தது, பச்சையைச் சுரண்டினால் துரு வந்தது. துருவை யாரும் சுரண்டவில்லை. அதற்கு அடியில் ஒன்றும் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது.

வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகும்போதுதான் முக்கியமான விஷயம் தெரிந்தது. வண்டி இடப்பக்கம் மட்டும்தான் திரும்பியது. வலப்பக்கம் ஹேண்டிலைத் திருப்பினால் 'டங்' என்று இடித்து நின்றுவிடும். பட்டறையிலிருந்து அவர் வீடு வலப்பக்கம், கூப்பிடு தூரம். அவர் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி, சந்தை, ரயில் நிலையம், பஸ் டிப்போ, தான் படித்த பள்ளிக்கூடம், தனக்கு ஆகாத சித்தப்பா வீடு என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தார். சித்தப்பா வீட்டில் மரியாதைக்கு இறங்கிக் காப்பி குடிக்க வேண்டியதாயிற்று. தீராத குடும்பச் சண்டை ஒன்று அப்படித் தீர்ந்தது. அந்த வண்டியால் விளைந்த ஒரே நன்மை அதுதான். அதையும் அவர் மனைவி நன்மை என்று ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போய்க் கத்தினார். கத்துகிற பழக்கமில்லாதவர், அதனால் கத்தல் பாதியில் இருமலாக மாறிவிட்டது. டிசைனர் குனிந்து பார்த்து, ஹேண்டிலுக்கு அடியில் தாம் வெல்டிங் வைத்திருந்த இரும்புத் துண்டைப் பெருமையோடு தட்டிக் காட்டினார். எந்தக் கேட்டுக்கும் ஸ்டாப்பர் வைக்காமல் அவர் அனுப்பியதே இல்லையாம்.

"ரெண்டு பக்கமும் திறந்தா அது கேட்டா சார்? தெருவுல போறவங்க முட்டியில இடிக்காது?"

"இது கேட்டு இல்லய்யா. வண்டி."

"வண்டிதான் சார். நான் இல்லேங்கலையே. ஆனா பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கில்ல?"

அந்தத் துண்டை அறுத்தால் வண்டி மொத்தமும் கழன்றுவிடும், எல்லாமே அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது என்றும் டிசைனர் சொன்னார். அவர் சொன்னதிலேயே அது ஒன்றுதான் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கல்குவாரி விளிம்பில் கூட்டம். அந்தப் பாதையில் எல்லோரும் வலப்பக்கமாகவே சுற்றுவது வழக்கம். பல்செட்காரர் தாம் எதிர்த்திசையில் சுற்றப்போவதாக அறிவித்தார். காரணம் கேட்டவர்களிடம், அதில்தான் சவால் அதிகம் என்றார். இதைக் கேட்டுச் சில இளைஞர்கள் அவரை மதிப்போடு பார்த்தார்கள். மச்சான் மட்டும் வண்டியைச் சுற்றி வந்து, தபால் சந்துக்குள் விரலை விட்டுப் பார்த்து, "லெட்டர் ஏதும் வரலை சார், கிளம்புங்க" என்றார்.

மனைவி விசில் ஊதினார். பல்செட்காரர், பல்லை உற்றுப் பார்க்கிற அதே கூனலோடு புறப்பட்டார்.

முதல் பள்ளத்தில் 'நல்வரவு' விழுந்தது. அடுத்ததில் தாழ்ப்பாள். அதற்கடுத்து சைலன்சர் விழுந்தபோது வண்டி போட்ட சத்தத்தில், குவாரியில் கல் உடைக்க மறுபடி ஆள் வந்துவிட்டது என்று பாறைகள் இரண்டு தாமாகவே பிளந்துகொண்டன. பாதி வழியில் பெரிய மேடு. அங்கேதான் ஷட்டர் ஸ்பிரிங்குக்குத் தன் பழைய கடமை நினைவுக்கு வந்தது. அது கீழே அமுங்கப் பிறந்த ஸ்பிரிங் இல்லை. காலையில் கடையைத் திறக்கப் பிறந்தது. சரசரவென்று மேலே சுருட்டிக்கொண்டது. சீட்டோடு பல்செட்காரரும் உயர்ந்தார். மின்கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்த காக்கை, யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நகர்ந்து இடம் கொடுத்தது. அவர் நன்றி சொல்வதற்குள் இறங்கவேண்டி வந்துவிட்டது.

இறங்கிய வேகத்தில் முன்சக்கரம் கழன்றது. கழன்ற சக்கரத்துக்கு எந்த ஸ்டாப்பரும் இல்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த சுதந்திரம் முழுவதையும் அது அங்கே காட்டியது: வலப்பக்கம் திரும்பியது, இடப்பக்கம் திரும்பியது, ஒரு நாயை முறையாக வழிவிட்டுக் கடந்தது, புறப்பட்ட இடத்துக் கோட்டைத் தாண்டி மனைவியின் காலடியில் வந்து மெதுவாகச் சாய்ந்தது. பழக்கதோஷத்தில் அவர் விசில் ஊதிவிட்டார்.

மீதி வண்டி சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது. பல்செட்காரர் நடந்து வந்தார். கையில் ஹேண்டில். பின்னால் சீட். அது மட்டும் கழலவே இல்லை. ஒழுங்காக அச்செடுத்த பல்செட் எப்படி மேல்வாயை விடாமல் பிடித்துக்கொள்ளுமோ, அப்படி அது அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வண்டியில் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்த பாகம் அது ஒன்றே என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

"சக்கரம் வந்துடுச்சு, நீங்களும் வந்துட்டீங்க" என்றார் மச்சான். "பாக்கி வண்டி எங்க சார்?"

பல்செட்காரர் மனைவியைப் பார்த்தார். அவர் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு, பேச்சென்றால் பேச்சுதான், முழு வண்டி வந்தாக வேண்டும், யார் தூக்கி வந்தாலும் ஆட்சேபம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் அவர் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் அவுட் கொடுப்பார்.

வழி நெடுகச் சிந்திக்கிடந்ததை இளைஞர்கள் பொறுக்கிக் கொண்டு வந்தார்கள். உடம்பு மட்டும் வரவில்லை. கோட்டை வாசலில் மாட்டுகிற கனம். பல்செட்காரர் தனியாளாக அதை இழுக்கப் போனார். கேவலம் அவருக்குப் புதிதில்லை. ஆனால் இதற்குக் குறைந்து அந்தச் சொல் கிடைக்காது என்று தெரிந்துவிட்ட பிறகு, சேறாவது மண்ணாவது.

"வேடிக்கை பார்க்காதடா. ஒரு கை குடு" என்று அக்கா தம்பியை விரட்டினார்.

மச்சான் முதலில் கை கொடுக்கவில்லை, வாய்தான் கொடுத்தார். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார், கண்ணாடி பார்க்கச் சொன்னார், கிளட்சை விடச் சொன்னார். பிறகு பொறுக்க முடியாமல், நகருங்கள் நான் காட்டுகிறேன் என்று கீழ்ப்பக்கமாகப் போய் முட்டுக்கொடுத்தார். அந்த இடம் சரிவு. வண்டியின் உடம்பு, தன்னைத் திறக்க ஆள் வந்துவிட்டதாக எண்ணிக்கொண்டோ என்னவோ, மெல்ல அவர் மேல் சாய்ந்தது. ஈட்டி முனை ஒன்று சட்டைக் காலருக்குள் புகுந்து அவரைச் சேற்றோடு சேர்த்துத் தைத்தது. மேல் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பல்செட்காரர் ஒருவர்தான்.

"சார்... பிடிங்க சார்."

பல்செட்காரர் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கை வழுக்கியது. ரொம்ப இல்லை, கொஞ்சம்.

"பல்செட் சார்!"

இன்னும் கொஞ்சம் வழுக்கியது.

மச்சான் சேற்றுக்குள் காலரை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். அப்புறம் அந்தச் சொல் வந்தது.

"அத்தான். விட்டுடாதீங்க அத்தான்."

பல்செட்காரர் காதைச் சாய்த்தார். "என்ன சொன்னீங்க மச்சான்? எனக்குக் காது கொஞ்சம் மந்தம். பாலிஷ் மோட்டார் சத்தம் கேட்டுக் கேட்டு."

மச்சான் மறுபடி சொன்னார். இந்த முறை குவாரியின் நாலு சுவரும் அதை வாங்கி ஆளுக்கொரு தரம் திருப்பிச் சொல்லின: அத்தான், அத்தான், அத்தான், அத்தான். கூட்டம் கைதட்டியது. மனைவி, மறந்துபோய், ஆட்டம் முடிந்ததற்கான நீள விசிலை ஊதினார். பல்செட்காரர் அதன் பிறகுதான் தூக்கினார். தனியாளாக. எங்கிருந்து அந்தத் தெம்பு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து உடம்பைக் கோட்டுக்கு இழுத்து வந்தபோது டிசைனரும் வந்து நின்றிருந்தார். உதிர்ந்ததை எல்லாம் விட்டுவிட்டு, உதிராத அந்த ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஒரு வெல்டிங்கூட விடவில்லை பாருங்கள் என்று உருகினார். மச்சான் அவர்மேல் ஒரு கை சேற்றை எறிந்தார். அது ஒன்றுதான் அன்று குறி தவறாமல் போய்ச் சேர்ந்தது.

அன்று சாப்பாட்டு மேசையில், "அத்தான், கொஞ்சம் உப்பு தள்ளுங்க" என்றார் மச்சான். பல்செட்காரர் தள்ளவில்லை. எழுந்து, சுற்றி வந்து, கையாலேயே கொண்டுபோய் அவர் தட்டருகே வைத்தார்.

பல்செட்காரரின் மனைவி வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவருக்கு உடன்பிறந்தவர் யாரும் கிடையாது. இதற்கும் சத்தியம் செய்யத் தயார், தலைக்கு உரியவர் சம்மதித்தால்.