ஐந்து நிமிடத்துக்குக் குறைவான நிறுத்தம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் கைப்பேசியிலிருந்து வந்தது. மக்கள் தினமும் எங்கே, எதில் போகிறார்கள் என்று கணக்கெடுக்கும் செயலி ஒன்றை இரண்டு வாரம் வைத்திருந்தேன். மருந்துக்கடையில் நான் நின்ற நான்கு நிமிடத்தை அது விழுங்கிவிட்டது. ஐந்துக்குக் குறைந்தால் சிக்னலில் நின்றதாக எடுத்துக்கொள்ளுமாம்.

2

ஜன்னலோரம் அமர்ந்திருந்த அவள் [வேண்டாம். எல்லாக் கதையிலும் ஜன்னல்.]

கணக்கெடுப்பு அலுவலகத்தில் சரிபார்ப்பவள் ஒருத்தி. அவள் திரையில் ஒரு தையல்காரியின் பாதை. தினமும் வேலைக்குப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் இறங்குகிறாள், மூன்று நிமிடம், அடுத்த பஸ்ஸில் ஏறுகிறாள். சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்க வேண்டும். கேட்டாள்.

"அங்க எதுக்கும்மா இறங்குறீங்க?"

மறுமுனையில் தையல் மிஷின் சத்தம் நின்றது.

"என் பொண்ணு அங்க படிக்கிறா. அவங்கப்பாகிட்ட இருக்கா. மாசத்துக்கு ஒரு நாள்தான் பாக்கணும்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்க. தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிடுவேன். எழுதிடாதீங்கக்கா. தெரிஞ்சா அந்த ஒரு நாளும் போயிடும்."

"அஞ்சு நிமிஷத்துக்குக் கம்மின்னா எப்படியும் அது தானா அழிஞ்சிடும்மா. கவலைப்படாம போங்க."

(சரிபார்ப்பவள் நல்லவள். வில்லி ஒருத்தி கிடைத்திருந்தால் இந்தக் கதையை எப்போதோ முடித்திருப்பேன்.)

3

ஊர் முழுவதையும் கேட்க முடியாது என்பதால், கணக்கெடுப்பில் ஓர் ஆள் முந்நூறு பேருக்குச் சமம். ஆக, அந்த வாசலில் முந்நூறு பேர் அழிந்தார்கள். பிள்ளைகளுக்கோ பள்ளி வேன் இருக்கிறது. அறிக்கை வந்தது: அங்கே யாரும் இறங்குவதில்லை. நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள்.

சரிபார்ப்பவளின் கண்கள் குள [தேய்ந்த வரி.] மேலாளரிடம் ஓடினாள்.

"சார், அங்க ஒருத்தங்க தினமும் இறங்குறாங்க."

"டேட்டாவுல இல்லையே. யாரு?"

சொன்னால் காட்டிக்கொடுத்தவளாவாள். இருக்கைக்குத் திரும்பினாள்.

4

மாற்று முடிவுகளை யோசிக்காமல் இல்லை. அன்றைக்கே சரிபார்ப்பவள் அதை எழுதியிருந்தால் நிறுத்தம் பிழைத்திருக்கும். எழுதியது யார் கண்ணிலும் படாமலும் போயிருக்கலாம். இந்த 'லாம்' இனி சரிபார்ப்பவளைத் தூங்க விடாது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடி வரக்கூடாதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தையல்காரியை ஓட வைத்தும் பார்த்தேன். அவள் வந்து சேர்வதற்குள் பள்ளி வாசலைச் சாத்திவிட்டார்கள்.

5

பஸ் பள்ளிக்கூடத்தைத் தாண்டுகிறது. தையல்காரி எழுந்து, கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்க்கிறாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சீருடை.

"இறங்கணுமாம்மா?" என்கிறார் கண்டக்டர்.

"இல்லீங்க."

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. முடிந்தால் அந்தப் பிள்ளையை நீங்கள் ஒருமுறை ரோட்டுப் பக்கம் திரும்ப வையுங்கள். எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்குப் பார்த்துவிட்டால், நாளைக்கும் அவள் அம்மாவைத் தேடிக்கொண்டு அங்கே நிற்பாள்.