புலம்பல் நின்ற வீடு

மோகனராஜ் புலம்புவதை நிறுத்தி இருபது நாளாகிவிட்டது. இருபத்தைந்து வருடமாக, கடலுக்கு அக்கரையில் இருக்கும் ஜுரு தொழிற்சாலையிலிருந்து வந்து தலைக்கவசத்தைக் கழற்றும்போதே மனுஷன் ஆரம்பித்துவிடுவார். பாலத்தில் வண்டி ஜேம், சூப்பர்வைசர் ஒரு மடையன், குழம்பில் உப்பில்லை. கேட்டுக் கேட்டு ஜெயலெட்சுமிக்குக் காது புளித்துப்போனது. போன மாதம் தண்ணீர்மலை ஏறி, "முருகா, இவர் வாயைக் கொஞ்சம் அடக்கு, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டாள். வாய் அடங்கியதும் முருகன் கேட்டுவிட்டான் என்று பூரித்தும் போனாள், பாவி.

அவர் தங்கை ஷர்மினியும் போனில், "அண்ணே இப்ப சத்தமே போடுறதில்லையாம்? நல்லதுலா, அண்ணி" என்றாள்.

நேற்று மாலை அவருடைய நண்பர் சின்னையா வந்து, அவர் எடுக்கும் காவடியை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். மூன்று வருட நேர்த்திக்கடன்; இரண்டுதான் முடிந்திருக்கிறது.

"ஏங்க, இன்னும் ஒரு வருஷம் இருக்கே?"

"சின்னையாவே வச்சிக்கட்டும். எனக்கு இனிமே வேணாம்."

குரலில் கோபமில்லை, அலுப்புகூட இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு வேண்டுமென்றே ரசத்தில் உப்புப் போடாமல் வைத்தாள். அவர் சாப்பிட்டார், தட்டைக் கழுவிக் கவிழ்த்தார், போய்ப் படுத்துக்கொண்டார்.

இத்தனை நாள் அவருக்கு இருந்தது வெறும் சலிப்பு. சலித்தவன் திட்டுவான், திட்டினால் நாளைக்காவது உப்புப் போடுவாள் என்ற நினைப்பு அவனுக்கு இருக்கிறது. இது விரக்தி. விரக்தி பிடித்தவனுக்கு நாளைக்கு என்ன குழம்பாக இருந்தால் என்ன? இது புரியாமல், திட்டிக்கொண்டிருந்த வாயை அடைக்கச் சொல்லி மலையேறினாளே. பயத்தில் விடியும்வரை அவர் மூச்சையே எண்ணிக்கொண்டு கிடந்தாள்.

காலையில் அவர் மோட்டார் சைக்கிளை எடுத்தபோது, தனியே அனுப்ப மனமில்லாமல் அவளும் வாசலில் நின்றாள்.

"நானும் வர்றேன். பட்டர்வொர்த்துல ஒரு வேலை இருக்கு."

என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. அவள் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

பாலத்தின் நடுவில் வேகம் குறைந்தது. மோட்டார் தடத்தில் முன்னால் ஒரு வண்டியும் இல்லை. இடப்பக்கம் கம்பித் தடுப்பு, அதற்கப்பால் கடல்.

"ஏங்க, ஏன் மெதுவா போறீங்க?"

இரண்டு கையாலும் அவர் வயிற்றைச் சுற்றிப் பிடித்தாள். சட்டைக்கு மேலேயே நகம் பதிந்தது. வலிக்குதுடி, கையை எடு என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று அவர் முதுகில் காதை வைத்துக் காத்திருந்தாள். இன்னும் அழுத்தினாள். மோட்டார் இன்னும் மெதுவானது.