இடுக்கு அடைத்த வீடு

குளிர்காலம் முடியப்போகும் ஆகஸ்ட் மாதத்தில் காற்று எழுந்துவிட்டால் கல்லறைத் தோட்டத்து சைப்ரஸ் மரங்கள் புகைய ஆரம்பித்துவிடும். நெருப்பில்லாத மஞ்சள் புகை. ஒரு கிளை அசைந்தால் போதும், மாவு மூட்டையை உதறினாற்போல் தூள் கிளம்பும். சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டி, துணிக்கொடி, தண்ணீர் வாளி, பிள்ளைகளின் தலை என்று பார்த்த இடத்திலெல்லாம் படியும். செபோகெங் ஊரில் அந்தத் தெருக்காரர்கள் அதைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தங்கள் பாட்டைப் பார்ப்பார்கள். புலெங்கால் முடியவில்லை. ஆறு வயதுப் பிள்ளை. காற்று தொடங்கிய வாரமே கண்ணிமைகள் வீங்கின, மூக்கு ஒழுகியது. தும்மல் ஒன்று வந்தால் பத்தாக வந்தது. தூங்கும்போது அவள் வாயைப் பிளந்து காற்றுக்கு அலைவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பார்த்துக்கொண்டிருந்தவள் திசெபோ, பிள்ளையின் சித்தி. அக்கா மமெல்லோ விடியும் முன்னே விடுதிச் சலவைக்கூடத்துக்குப் போய்விடுவாள், இருட்டிய பிறகுதான் வருவாள். திசெபோ அந்தக் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. அதற்குக் கீழே, ஒரு மெத்தையில், அவள் வேலையில்லாமல் படுத்திருந்தாள். வேலையில்லாதவள் தலையில்தான் எல்லா வேலையும் வந்து விழும். பிள்ளையும் விழுந்தாள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. அந்த வீட்டில் அவளைக் கேள்வி கேட்காமல் நம்பிய ஒரே ஆள் புலெங்தான்.

மருத்துவமனை நர்ஸ் பிள்ளையின் கண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது மகரந்தத் தூள் படுத்தும் பாடு, மருந்து பாதி, மீதி வைத்தியம் வீட்டில்தான் என்றாள். வெளியே போய் வந்ததும் முகம் கழுவ வேண்டும், உடுப்பை மாற்ற வேண்டும். தலைக்குத் துணி கட்டிவிட வேண்டும். போர்வையை வெளியே உலர்த்தக் கூடாது. காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும். காற்றடிக்கும் நேரத்தில் ஜன்னலைச் சாத்த வேண்டும்.

எல்லாம் சரியான யோசனைகள். திசெபோ ஒன்றையும் விடவில்லை. உப்புத் தண்ணீருக்குப் புலெங் முதல் நாள் ஊரைக் கூட்டினாள், மறுநாள் தானே மூக்கை நீட்டினாள். ஈரத்துணிகள் அறைக்குள்ளேயே கயிறு கட்டித் தொங்கின. அக்கா புருஷன் மொலேஃபி குனிந்து குனிந்து நடந்து, "டாக்டரம்மா, என் கால்சட்டை எந்த வார்டுல இருக்கு?" என்று கேட்பான். ஆனால் பிள்ளை தேறினாள், அதை யாரும் மறுக்க முடியாது. வீக்கம் வடிந்தது, தும்மல் குறைந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நர்ஸ் சொன்னது காற்றடிக்கும் நேரத்தில் ஜன்னலைச் சாத்து என்று. திசெபோவுக்குப் பாதி வேலை செய்து பழக்கமில்லை. ஒரு பாடத்தை எடுத்தால் அட்டை முதல் அட்டை வரை தின்று தீர்த்துத்தான் அவள் பட்டமே வாங்கினாள். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி அகலமான ஒட்டுநாடா போட்டாள். கதவுக்கடியில் ஈரத்துண்டைச் சுருட்டித் திணித்தாள். அது தகரக் கொட்டகை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே கை நுழையும் அளவு இடுக்கு ஓடியது. மழைக்காலத்தில் அதைத் திட்டாத நாளில்லை.

இனி கணப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய பெயின்ட் டின்னில் சுற்றிலும் ஓட்டை போட்டு, கம்பிக் கைப்பிடி மாட்டி, நிலக்கரி நிரப்பினால் அதுதான் கணப்பு, இம்பாவுலா என்பார்கள். அந்தத் தெருவில் அது இல்லாத வீடு கிடையாது. கரண்ட் வரும், போகும். குளிர் போவதே இல்லை. கணப்புக்கு ஒரு முறை உண்டு. வாசலுக்கு வெளியே பற்றவைக்க வேண்டும். கறுப்புப் புகை, பிறகு சாம்பல் புகை, பிறகு ஒன்றுமில்லை. புகை அடங்கிக் கரி செக்கச்செவேலென்று ஆனதும் இருவர் பிடித்து உள்ளே தூக்கி வைப்பார்கள். புகைதான் ஆளைக் கொல்லும், சிவந்த கரி சாது. மொலேஃபிக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை, யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருந்ததும் இல்லை. ஒவ்வொரு குளிர்காலமும் அப்படித்தான் கழிந்தது, எல்லோரும் காலையில் எழுந்தார்கள். அவர்களை எழுப்பிக்கொண்டிருந்தது எது என்று யாரும் யோசிக்கவில்லை. திசெபோவும்தான்.

நாடா ஒட்டிய சில நாட்களில் புலெங் தலை வலிக்கிறதென்றாள். சாயங்காலமானால் சோற்றைத் தள்ளிவைத்தாள். பள்ளிக்கூடம் போனால் மூக்கு ஒழுகியது, ஆனால் ஓடி விளையாடினாள். வீட்டுக்குள் வந்தால் மூக்கு காய்ந்துவிடும், ஆனால் பிள்ளை துவண்டுவிடுவாள். ஒரு சாயங்காலம், கணப்பு உள்ளே வந்த பிறகு, திசெபோவின் மடியில் படுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"சித்தி, நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்காங்க."

அது பக்கத்து வீட்டு மா-செல்லோ காதில் விழுந்துவிட்டது. செல்லோவின் அம்மா என்பதால் அந்தப் பெயர். அவளிடம் எல்லாவற்றுக்கும் விடை இருந்தது. "தொகோலோசி," என்றாள், பிசாசின் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்த வேண்டுமே, தாழ்த்தினாள். ஆளின் நெஞ்சில் ஏறி அமுக்கும் குள்ளப் பிசாசு. அதுவும் கல்லறைக்கு எதிர்வீடு. மஞ்சள் தூளே அங்கிருந்து அனுப்பி வைப்பதுதான் என்றாள். மொலேஃபி மறுபேச்சில்லாமல் செங்கல் எடுத்துவந்து கட்டில் கால்களுக்குக் கீழே அடுக்கினான், குள்ளனுக்கு எட்டாத உயரத்துக்கு.

திசெபோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செங்கல்லு வச்சா நோய் போகுமா மாமா? உங்களுக்கெல்லாம் மண்டையில என்னதான் இருக்கு?"

"உன் மண்டையில இருக்கறதுக்கு ஒருத்தனும் சம்பளம் தரலயே," என்றான் மொலேஃபி, செங்கல்லைத் தட்டிச் சரிசெய்துகொண்டே.

அந்த அடி பட்ட இடம் அவளுக்கு மட்டுமே தெரியும். மறுநாள் பழைய செய்தித்தாளையெல்லாம் அள்ளி, மாவுப் பசை காய்ச்சி, நாற்காலி மேல் ஏறி, கூரையோரத்து இடுக்கை முழுநீளத்துக்கும் அடைத்தாள். தூள் இன்னும் எங்கிருந்தோ வருகிறது, அதனால்தான் பிள்ளைக்குத் தலைவலி. அவள் கணக்கு அப்படி ஓடியது. முற்றத்தில் பார்த்தவரிடமெல்லாம், வெளிக்காற்றுதான் இந்தப் பிள்ளைக்கு விஷம், கதவைத் திறந்து போடாதீர்கள் என்று வகுப்பே எடுத்தாள். மா-செல்லோவுக்குக் கூடப் பாடம் மனப்பாடமாகிவிட்டது.

அவளுக்கும் தலை வலித்தது. விண்ணப்பித்த இடத்திலிருந்து வழக்கமான பதில் வந்திருந்தது. அதனால்தான் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தெற்கே மலையில் பனி விழுந்ததாகச் சொன்னார்கள். குளிர் கத்தி மாதிரி இறங்கியது. மதியத்துக்குமேல் கரண்ட் போனது. மமெல்லோவுக்கு வேலை. மொலேஃபி கணப்பை வழக்கத்தைவிடப் பெரிதாகப் போட்டு, புகை அடங்கும்வரை காத்திருந்து, திசெபோவும் ஒரு கை பிடிக்க உள்ளே வைத்தான். பிறகு, சாவுச் செலவுக்குக் காசு சேர்க்கும் ஈமச்சடங்குச் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பினான். கதவைச் சாத்தியவுடன் துண்டைத் திணிக்க மறக்காதே என்று அவனே சொல்லிவிட்டுப் போனான்.

அறை கதகதவென்று இருந்தது. புலெங் உயரமான கட்டிலில் படுத்துத் தூங்கிப்போனாள். தும்மல் இல்லை, இருமல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை. இத்தனை அமைதியாக அவள் தூங்கி இந்த மாதம் முழுக்கப் பார்க்கவில்லை என்று திசெபோ சந்தோஷப்பட்டாள். வெளியே காற்று தகரத்தை அறைந்துகொண்டிருந்தது. அறைக்குள் ஒரு தாள்கூட அசையவில்லை.

அவள் படித்துக்கொண்டிருந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிடிபடவில்லை. நெற்றிப்பொட்டில் சம்மட்டி விழுந்தது. குமட்டியது. தூள் இத்தனைக்கும் பிறகு எப்படியோ உள்ளே வந்துவிட்டது என்று நினைத்து, எழுந்து ஓட்டையைத் தேட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்த நினைப்பு பாதியில் நின்றது.

தூள் என்றால் எனக்கு ஏன் தலை வலிக்கிறது? நான் தும்மியதே இல்லையே.

அந்த ஒரு கேள்விதான். அது மெதுவாகத்தான் வந்தது, சேற்றில் நடப்பவன் மாதிரி. வந்த பிறகு மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஓடிய பிள்ளை, வீட்டுக்குள் துவண்ட பிள்ளை. கணப்பு வந்த பிறகு நெஞ்சில் ஏறி உட்கார்ந்த ஆள். கண்ணுக்கு முன்னால் கரி சிவப்பாக, புகையில்லாமல், சாதுவாக எரிந்தது. புகை அடங்கிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத விஷவாயு அதிலிருந்து வந்துகொண்டிருந்தது, அது வெளியேறிய இடுக்கையெல்லாம் அவளே அடைத்திருந்தாள்.

"புலெங்," என்றாள். குரல் வந்ததா என்று தெரியவில்லை. "புலெங், எழுந்திரு."

பிள்ளை எழவில்லை. திசெபோ எழுந்தாள், முழங்கால் மடங்கி விழுந்தாள். கட்டில் உயரமாக இருந்தது, செங்கல் வைத்த உயரம். போர்வையைப் பிடித்து இழுத்துப் பிள்ளையைத் தன் மேலேயே விழவைத்தாள். கதவை நோக்கித் தவழ்ந்தாள். துண்டு ஈரத்தில் ஊறிக் கதவடியில் ஆப்பு மாதிரி இறுகிக் கிடந்தது. பிடுங்கினாள், வரவில்லை. அவளே திணித்தது, நன்றாகத்தான் திணித்திருந்தாள். அழுதாள், பல்லால் கடித்து இழுத்தாள். கதவு திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்தது, கூரையோரத்துத் தாள்கள் கிழிந்து பறந்தன. பிள்ளையின் கையைப் பிடித்து வாசற்படி தாண்டி மண்ணில் இழுத்துப் போட்டாள்.

மஞ்சள் தூள் இருவர் மேலும் கொட்டியது.

மா-செல்லோதான் முதலில் பார்த்தாள். மகன் செல்லோவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அவன் டாக்ஸி ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை என்று வீட்டில் இருந்தான். வண்டி வாசலில் நின்றது. இருவரும் கண்டது இதுதான்: நோயாளிப் பிள்ளை காற்றில், மண்ணில், தலைத்துணி இல்லாமல் கிடக்கிறாள். படித்தவள் பக்கத்தில் கிடந்து உளறுகிறாள்.

"குடிச்சிருக்கா," என்றாள் மா-செல்லோ. "புள்ளைய உள்ள தூக்குடா."

செல்லோ குனிந்து தூக்கப்போனான். திசெபோ பிள்ளையின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். நாக்கு தடித்துக் குழறியது. "உள்ள வேணாம். உள்ளதான் சாவு."

"காத்து விஷம்னு நீதானடி சொன்ன? முற்றமெல்லாம் கூட்டம் போட்டுச் சொன்னியே."

"தப்பா சொன்னேன். கணப்பு... கணப்புதான்."

"அதுல புகையே இல்லையே," என்றான் செல்லோ. திறந்த கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். கரி அழகாகச் சிவந்திருந்தது. அவன் திசெபோவின் தோளைப் பிடித்துப் புரட்டினான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். படித்த பெண் கடித்தாள் என்பது தெரு முழுக்கப் பல நாள் பேச்சாக ஓடும். ஓடட்டும்.

அவளுக்கு அடியில் பிள்ளையின் வயிறு ஒருமுறை சுருங்கியது. திசெபோ நகர்ந்தாள். புலெங் பக்கவாட்டில் சரிந்து வாந்தியெடுத்தாள். கண் திறக்கவில்லை. செல்லோவின் முகம் மாறியது. நம்பியதால் அல்ல, பயந்ததால். வண்டிச் சாவியை எடுக்க ஓடினான்.

மா-செல்லோவும் வண்டியில் ஏறினாள், போர்வையோடு. ஏறியதும் செய்த முதல் வேலை பிள்ளைப் பக்கத்து ஜன்னலைத் தள்ளிச் சாத்தியது. திசெபோ அதைத் திறந்தாள். மா-செல்லோ மறுபடி கையை நீட்டினாள். திசெபோ தன் கையை முழங்கை வரை ஜன்னலுக்கு வெளியே விட்டுக்கொண்டாள், இனி சாத்துவதானால் எலும்பை உடைத்துத்தான் சாத்த வேண்டும். பிள்ளையின் முகத்தைக் காற்றுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். கல்லறைச் சுவரோரம் வண்டி ஓடியபோது மஞ்சள் தூள் அலை அலையாக உள்ளே வந்தது. அவள் துடைக்கவில்லை.

புலெங்கின் இமைகள் பாதி பிரிந்தன. உதடு அசைந்தது. திசெபோ காதைக் கொண்டுபோனாள்.

"சித்தி, ஜன்னலைச் சாத்து. தூசி வருது."

நன்றாகப் பாடம் படித்த பிள்ளை. "வரட்டும்டி," என்றாள் திசெபோ. "நீ மூச்சு விடு." வேறு எதுவும் சொல்ல வாயில் தெம்பில்லை. பிள்ளை பிழைத்துவிட்டாள் என்று அவள் நம்பத் துணியவில்லை. பேசுகிறாள், அவ்வளவுதான். மருத்துவமனை இன்னும் தூரம்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரண்ட் வரவில்லை. தெருவின் இரண்டு பக்கமும், வாசலுக்கு வாசல், கணப்புகள் வரிசையாக இருந்தன. சிலவற்றில் கறுப்புப் புகை, சிலவற்றில் சாம்பல். சிலவற்றில் புகை அடங்கிவிட்டது. குளிருக்குப் பயந்து அங்கேயும் ஜன்னல் சாத்தியிருந்தது. திசெபோ வெளியே கிடந்த கையை ஆட்டி, இருந்த குரலையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

"உள்ள எடுத்துட்டுப் போகாதீங்க!"

ஒரு வாசலில் நின்ற பெண், தெரிந்தவர்கள் யாரோ டாக்ஸியில் போகிறார்கள் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையை ஆட்டினாள். பிறகு கணப்பின் கைப்பிடியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் பிடிக்க உள்ளேயிருந்து ஆளைக் கூப்பிட்டாள்.